பதினொரு வினாடி அசையாதிருத்தல்

போர் ஆற்றோடு இல்லை. ஆற்றுக்கு அக்கரையில் இருந்தவர்களோடு. ஆனாலும் ஆற்றையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பாவனைப் போர் இயக்ககத்தில் யாருக்கோ தோன்றியது. ஆற்றைக் கூப்பிட முடியாது என்பதால் அளவுக்காரரைக் கூப்பிட்டார்கள்.

அளவுக்காரர் இருபத்திரண்டு வருடமாக ஒரே வேலையைச் செய்துவந்தார். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் கரையில் நட்டிருந்த அளவுப் பலகையில் தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்ப்பார். குறிப்பேட்டில் எழுதுவார். தொலைபேசியில் தலைமை அலுவலகத்துக்குச் சொல்வார். அங்கே ஒரு குரல் "சரி" என்று சொல்லும். இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் குரல் நான்கு முறை மாறியது. "சரி" மாறவில்லை.

கடிதத்தில் அவரை 'ஆறு தொடர்பான நிபுணர்' என்று எழுதியிருந்தார்கள். மனைவி அதை இரண்டு முறை படித்தாள்.

"நிபுணரா? மேல தொட்டி ரொம்பி வழியறது கூட தெரியாத ஆளு நீங்க."

"அது தொட்டி. இது ஆறு."

"சரி, போய்ட்டு வாங்க. பையனைப் பத்தி ஏதாவது காதுல விழுந்தா கேட்டுக்கிட்டு வாங்க."

பையன் ஒன்பது மாதமாகப் படையில் இருந்தான். ஏழாம் அணி. ஆற்றின் மேற்பக்கம் ஏழு கிலோமீட்டரில் முகாம். பார்க்கப் போக அனுமதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் தொலைபேசி உண்டு.

இயக்ககம் இருந்த கட்டடம் முன்பு பல் மருத்துவக் கல்லூரியாக இருந்தது. போர் அவசரத்தில் மாணவர்களை வெளியேற்றினார்கள். நாற்காலிகளை வெளியேற்ற நேரமில்லை. அதனால் இயக்குநர் சாய்ந்து படுக்கும் நாற்காலியில், தலைக்கு மேல் வட்ட விளக்கோடு அமர்ந்திருந்தார். அருகில் வாய் கொப்பளிக்கும் கிண்ணம். குளிர்சாதனம் எலும்பைத் தொட்டது. வெளியே வெயிலில் தார் உருகிக்கொண்டிருக்க, உள்ளே அதிகாரிகள் கம்பளிச் சட்டை போட்டுப் போர் நடத்தினார்கள்.

எதிர்ச் சுவர் முழுக்கத் திரை. திரையில் ஆறு, அக்கரை, மரங்கள், இடிந்த பாலத்தின் தூண்கள். அளவுக்காரர் தினமும் நிற்கும் படிகள்கூட இருந்தன. மேசைமேல், திரையில் ஓடிய கணினி விளையாட்டு வந்த பெட்டி கண்ணாடிக்குள் வைக்கப்பட்டிருந்தது. பெட்டியின் மூலையில் அரசு முத்திரை ஒட்டியிருந்தது. ஒட்டு சரியில்லை, அடிக்கடி உரிந்தது. உரிந்தபோதெல்லாம் 'பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு' என்ற எழுத்து தெரிந்தது. அதை அமுக்கிவிட ஒரு சிப்பாய் தனியாக நியமிக்கப்பட்டிருந்தான்.

"இது விளையாட்டு இல்ல," என்றார் இயக்குநர், யாரும் கேட்காமலே. "வெளியில விளையாட்டுன்னு விக்கிறாங்க. அது அவங்க பாடு. பொதுமக்கள் விளையாடினா விளையாட்டு. நாம விளையாடினா பாவனை. வித்தியாசம் புரியுதா?"

"புரியுதுங்க ஐயா," என்றார் அளவுக்காரர், புரியாமல்.

"உலகத்துலயே உண்மைக்கு இவ்வளவு பக்கத்துல எதுவும் இல்ல. ஒருத்தனைத் தொட்டுக் காட்டுப்பா."

சுட்டி அதிகாரி திரையில் ஒரு பச்சைப் புள்ளியைத் தொட்டார். கணினியின் சுட்டியைத் தொட அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவருக்கே அதிகாரம். அவர் கழிப்பறைக்குப் போனால் போர் நிற்கும். புள்ளி விரிந்து பட்டியலானது. உயரம், எடை, கடைசியாகத் தூங்கிய நேரம், தாகம், வலது குதிகாலில் கொப்புளம், காலணி அளவு.

"நம்ம ஆளுங்க அத்தனை பேரும் உள்ள இருக்காங்க. பேரு, நம்பரோட. காலணி அளவு வரைக்கும் சரியா இருக்கும். கால் கடிச்சா இவன் மெதுவா நடப்பான். அதான் உண்மைத்தன்மை."

"ஏழாம் அணி இருக்குங்களா?"

"அதுதான் முதல்ல ஆத்தைக் கடக்கற அணி."

முப்பத்தெட்டுப் புள்ளிகள். பத்தொன்பதாவது புள்ளியில் பையனின் பெயர் இருந்தது. உயரம் ஒன்று எழுபத்திரண்டு. காலணி அளவு எட்டு. குதிகாலில் கொப்புளம். அளவுக்காரருக்கு நெஞ்சு நிறைந்தது. ஒன்பது மாதத்தில் பையனை அவ்வளவு அருகில் பார்த்தது அன்றுதான்.

பிறகு ஆற்றைப் பார்த்தார். நீலமாக, ஒரே மட்டமாக, கழுவிவிட்ட தரைபோல் இருந்தது. ஓரத்தில் ஆழம்: தொண்ணூறு சென்டிமீட்டர்.

"ஐயா, இது கோடைக் கணக்கு. இப்ப மேல மழை. மூணு மீட்டர் நாப்பது போகுது. வேகம் செகண்டுக்கு ரெண்டு மீட்டர்."

இயக்குநர் அவரைக் கனிவோடு பார்த்தார்.

"தொண்ணூறுக்குத் திட்டம் போட்டு, மேலிடத்துல கையெழுத்தும் வாங்கியாச்சு. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன?"

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். அங்கே காலின் அளவு துல்லியமாகத் தெரிந்திருந்தது.

அன்று செவ்வாய்க்கிழமை. ஏழாம் அணி தொண்ணூறு சென்டிமீட்டர் தண்ணீரில் இறங்கி நடந்தது. அக்கரையில் ஒரு இயந்திரத் துப்பாக்கி இருந்தது. நான்கு நிமிடத்தில் முப்பத்தெட்டுப் பச்சைப் புள்ளிகளும் சாம்பல் நிறமாயின. அளவுக்காரர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மறுபடி," என்றார் இயக்குநர்.

சுட்டி அதிகாரி எதையோ அழுத்த, புள்ளிகள் பச்சையாகி இக்கரைக்கு வந்து நின்றன. எழுத்தர் குறிப்புத் தாளில் ஊதா மையில் ஒரு ரப்பர் முத்திரை குத்தினார். அதில் ஒரே சொல்: நிகழவில்லை.

"தோத்த ஆட்டத்தைப் பதிவுல வைக்கக் கூடாது," என்று சுட்டி அதிகாரி காதோரம் விளக்கினார். "படையோட மனசு உடைஞ்சிடும்."

ஞாயிற்றுக்கிழமை பையன் பேசினான். மனைவி தொலைபேசியை மேசை நடுவில் வைத்து ஒலியைக் கூட்டினாள்.

"எங்க அணித் தலைவருக்கு மெமோ வந்திருக்குப்பா. செவ்வாய்க்கிழமை ஏன் செத்தீங்கன்னு விளக்கம் கேட்டு."

"என்னடா உளர்ற?" என்றாள் அம்மா.

"நெசமாம்மா. கையெழுத்து, சீல் எல்லாம் இருக்கு. ராத்திரி பூரா யோசிச்சு, 'வருந்துகிறேன், இனி இறக்க மாட்டேன்'னு எழுதிக் குடுத்துட்டாரு. ஏத்துக்கிட்டாங்களாம்."

அவன் சிரித்தான். அளவுக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. "கால் எப்படிடா இருக்கு? கொப்புளமா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்? ஷூ பெருசும்மா. ஒம்பதாம் நம்பர் குடுத்துட்டாங்க, எட்டு கைவசம் இல்லையாம். பேப்பர் சுருட்டி உள்ள வெச்சுப் போட்டுக்கறேன்."

"உன் காலு எட்டுடா. சின்னதுலேர்ந்து ஷூ வாங்கினவ நான்," என்றாள் அம்மா. பத்து நிமிடம் முடிந்து இணைப்பு அறுந்தது.

மறுநாள் அளவுக்காரர் தயங்கித் தயங்கி இயக்குநரிடம் சொன்னார். பத்தொன்பதாம் ஆளின் காலணி எட்டு இல்லை, ஒன்பது.

குண்டு விழுந்திருந்தால்கூட அவ்வளவு பரபரப்பு இருந்திருக்காது. போர் நிறுத்தப்பட்டது. அவசரக் குழு கூடியது. உண்மைத்தன்மையில் ஓட்டை என்றார் ஒருவர். ஒரு காலணி தப்பென்றால் மொத்தப் போரும் சந்தேகத்துக்குரியது என்றார் இன்னொருவர். மூன்று மணி நேரம், ஐந்து கையெழுத்து. திரையில் எட்டு அழிந்து ஒன்பது ஆனது. எல்லோரும் கைதட்டினார்கள். இயக்குநர் நாற்காலியை நிமிர்த்தி அளவுக்காரரின் கையைக் குலுக்கினார்.

"இந்த மாதிரி ஒரு ஆள்தான் வேணும் நமக்கு."

"அப்படியே பையனுக்கு எட்டாம் நம்பர் ஷூ ஒண்ணு..."

"அது கிடங்குத் துறை. நாங்க பாவனை."

கைகுலுக்கிய சூட்டோடு அளவுக்காரர் ஆற்றை மறுபடி எடுத்தார். காலணி விஷயத்தில் சரியாகச் சொன்னவர் என்பதால் இம்முறை கேட்டார்கள். மூன்று மீட்டர் நாற்பது என்று அடித்தார்கள். வேகம் இரண்டு. திரையில் ஆறு பழுப்பாகித் திமிறியது. நடந்துபோக வழியில்லை என்பதால் ஏழாம் அணிக்கு ரப்பர் படகு கொடுத்தார்கள்.

அந்த வாரம் முழுக்க ஏழாம் அணி செத்தது. திங்கள் பதினொரு முறை. செவ்வாய் பதினான்கு. படகு கவிழ்ந்து, சுடப்பட்டு, பாலத் தூணில் மோதி. ஒவ்வொரு முறையும் இயக்குநர் "மறுபடி" என்றார். எழுத்தர் முத்திரை குத்தினார். முத்திரை தேய்ந்து கடைசி எழுத்து விழாமல் போக, புதிது வாங்கினார்கள். தேநீர் இடைவேளைக்கு முன் செத்தவர்களைத் தேநீர் குடித்துவிட்டு வந்து எழுப்பினார்கள்.

அளவுக்காரர் பத்தொன்பதாவது புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தாறாவது முறை அது தண்ணீருக்குள் போய்ச் சாம்பலானபோது எழுந்தேவிட்டார்.

"ஐயா, அதுல என் பையன் இருக்கான்."

"யாரு?"

"பத்தொன்பது. அந்தக் காலணிப் பையன். தயவு பண்ணி..."

"முன்னாடியே சொல்றதில்லையா!" இயக்குநரின் முகம் மலர்ந்தது. "ஆத்தோட வளர்ந்தவன். அவனைப் போய் மூணாவது படகுல ஒளிச்சு வெச்சிருக்கோம். முதல் படகு, முதல் இடம். எழுதிக்கோங்கப்பா. கேட்டீங்களே, இதுதான் பெத்தவன் மனசு."

அளவுக்காரர் வாயைத் திறந்தார். கைதட்டல் முந்திக்கொண்டது.

நாற்பதாவது முறையும் எல்லோரும் செத்தார்கள். நாற்பத்தொன்றாவது முறை படகுகள் ஆற்றின் நடுவுக்குப் போனபோது திரை அப்படியே நின்றது. படகு நின்றது. துடுப்பிலிருந்து தெறித்த துளி நின்றது. அக்கரைத் துப்பாக்கியின் நெருப்பு நின்றது. சுட்டி அதிகாரி சுட்டியை மேசையில் தட்டினார். கணினியின் அடியில் விசிறி உறுமியது. பதினொரு வினாடி கழித்து ஒரு சிமிட்டல். முப்பத்தெட்டுப் பச்சைப் புள்ளிகளும் அக்கரையில் காய்ந்த காலணியோடு நின்றன. எதிரி எல்லோரும் சாம்பல்.

எழுத்தரின் முத்திரை பாதி வழியில் நின்றது.

"மெஷின் ஹேங் ஆயிடுச்சு," என்று முணுமுணுத்தார் சுட்டி அதிகாரி.

"என்ன சொன்னே?"

"வெற்றிங்க ஐயா."

இயக்குநர் எழுந்து நின்றார். "நாப்பது தடவை நம்மளால ஏன் முடியல? அவசரம். நடு ஆத்துல ஒரு நிமிஷம் நின்னு நிதானிக்கல. இந்தத் தடவை நம்ம பசங்க நின்னாங்க. பதினோரு செகண்டு ஒருத்தன் அசையல. எதிரி குழம்பிட்டான். இதைத்தான் கட்டுப்பாடுங்கறது. எந்தப் புத்தகத்துலயும் இல்லாத தந்திரத்தை நம்ம இயந்திரம் நமக்குச் சொல்லிக் குடுத்திருக்கு."

மாலைக்குள் தாக்குதல் ஆணை தயாரானது. படி ஒன்று, காலை ஆறு மணிக்குப் படகில் ஏறுதல். படி இரண்டு, துடுப்புப் போடுதல். படி மூன்று, ஆற்றின் நடுப்பகுதியை அடைதல். படி நான்கு, பதினொரு வினாடி அசையாதிருத்தல். படி ஐந்து, வெற்றி.

அளவுக்காரர் இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாகக் குரலை உயர்த்தினார். "ஐயா, துடுப்புப் போட்டாத்தான் படகோட மூக்கை மேல்பக்கம் வெச்சுத் தாக்குப் பிடிக்கலாம். நிறுத்தினா ஆறு இழுத்துக்கிட்டுப் போயிடும். செகண்டுக்கு ரெண்டு மீட்டர். நடு ஆத்துலேர்ந்து பாலத் தூண் பதினெட்டு மீட்டர்ல இருக்கு. ஒம்பதாவது செகண்டு தூணுல அடிக்கும்!"

"அந்தத் தூணு இந்தத் திரையிலயும் இருந்துச்சு. அடிக்கலையே?" இயக்குநர் கோபப்படவில்லை, வருத்தப்பட்டார். "நீங்க குடுத்த ஆழம், நீங்க குடுத்த வேகம். உங்க எண்ணை நீங்களே நம்பலைன்னா எப்படி?"

ஆணையோடு இணைக்க ஒரு சான்றிதழை நீட்டினார்கள். ஆழம் மூன்று நாற்பது, வேகம் இரண்டு, சரிபார்க்கப்பட்டது. வேறெதுவும் அதில் இல்லை. அளவுக்காரர் மூன்று முறை படித்தார். தப்பு ஒன்றும் கண்ணில் படவில்லை. அவர் பொய்யில் கையெழுத்துப் போட்டதில்லை. உண்மையில் போடாமலும் இருந்ததில்லை. போட்டார். அந்த ஆணையில் இருந்த ஒரே உண்மை அவருடையது. மற்றதெல்லாம் அதன் தோளில் ஏறி நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் வந்தது.

"முதல் படகுப்பா நான். எல்லாம் உங்க சிபாரிசாமே!" பையன் கேலி பண்ணினான்.

"டேய், சொல்றதைக் கேளு. நடுவுல நிக்காதே. ஒம்பது செகண்டுல தூண் வந்துடும்."

"தெரியும்பா. நானும் கணக்குப் போட்டேன். ரெண்டொம்பது பதினெட்டு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பத்தாவது பதினொண்ணாவது ரெண்டு செகண்டும் எனக்கு லீவு."

"வாயை அலம்புடா!" என்றாள் அம்மா. "நீ மட்டும் துடுப்பைப் போட்டுக்கிட்டே போ. யாரு கேக்கறது?"

"எட்டுப் பேரு படகும்மா. ஒருத்தன் மட்டும் போட்டா அது வட்டமடிக்கும்." பிறகு அப்பாவைக் கேட்டான். "ஆறு வடிஞ்சுடுமாப்பா அதுக்குள்ள?"

அளவுக்காரர் குறிப்பேட்டைப் பார்த்தார். மேற்பக்கத்தில் இன்னும் மழை.

"வடியும்டா," என்றார். அது அவர் சொன்ன முதல் தப்பான அளவு.

குறித்த நாள் காலை ஆறு மணிக்கு அவர் படியில் நின்றார். அளவுப் பலகையில் தண்ணீர் மூன்று நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. மேற்பக்கம் நூறு மீட்டரில் ஐந்து படகுகள் இறங்கின. முதல் படகின் முன்னால் இருந்தவனை முகம் தெரியாவிட்டாலும் தோளைச் சாய்த்துத் துடுப்பு வலிக்கும் விதத்தில் தெரிந்தது. நன்றாகத்தான் வலித்தார்கள். படகுகள் மூக்கை உயர்த்தி ஆற்றைக் குறுக்கே வெட்டிப் இடிந்த பாலத்துக்குச் சற்று மேற்பக்கம் நடுவுக்கு வந்தன. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

விசில் ஊதினார்கள். துடுப்புகள் ஒன்றுபோல் உயர்ந்து நின்றன.

"போடுங்கடா! துடுப்பைப் போடுங்கடா!"

கத்தினார். ஆற்றின் இரைச்சலில் அது அவர் காதுக்கே எட்டவில்லை. இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் வாய் கத்த, மனம் எண்ணியது. ஐந்து. ஆறு. அக்கரை மேட்டில் எதிரிகள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒருவனும் சுடவில்லை. ஒருவன் கையை ஆட்டி ஏதோ சொன்னான். அவனும் துடுப்பைப் போடத்தான் சொன்னான்போல. எட்டு.

ஒன்பது சரியாக இருந்தது.

இயக்ககத்தில் நேரடிக் காட்சியைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புள்ளிகள் எல்லாம் சாம்பலானதும் இயக்குநர் வழக்கம்போல் "மறுபடி" என்றார். சுட்டி அதிகாரி அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார். புள்ளிகள் எழவில்லை. பிறகு எழுத்தர், தன் கடமையை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை என்பதுபோல், குறிப்புத் தாளை இழுத்து முத்திரை குத்தினார்.

ஆற்றைக் கடந்தது நிகழவில்லை என்றானதால் அதில் யாரும் சாகவில்லை என்றும் ஆனது. யாரும் சாகாதபோது முப்பத்தெட்டுப் பேர் முகாமில் இல்லாதது கட்டுப்பாட்டு மீறல். பத்து நாளில் அளவுக்காரர் வீட்டுக்கு ஒரு படிவம் வந்தது. 'அனுமதியின்றி வெளியேறிய வீரரைத் தேடுவதற்கான அடையாள விவரங்கள்.' குடும்பத்தினர் ஒத்துழைத்தால் தண்டனை குறையலாம் என்று கீழே இருந்தது.

அளவுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிரப்பினார். உயரம்: ஒன்று எழுபத்திரண்டு. கடைசியாகக் காணப்பட்ட இடம்: இரண்டாம் தூணுக்கு மேல். நேரம்: ஆறு மணி ஏழு நிமிடம், ஒன்பது வினாடி. காலணி அளவு என்ற கட்டத்தில் பேனா நின்றது.

மனைவி உள்ளே போய் ஒரு காலணியை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். மூன்றாம் நாள் காலை அளவுப் பலகையில் வந்து சிக்கியிருந்தது. இடது கால். ஓரத்தில் ஒன்பது என்று பொறித்திருந்தது. உள்ளே திணித்திருந்த காகிதம் காய்ந்து இறுகி, ஐந்து விரல்களின் பள்ளத்தோடு இருந்தது.

"அவங்க பதிவுல ஒம்பதுன்னு இருக்கு," என்றார் அவர். "நான்தான் மாத்தச் சொன்னேன்."

"எட்டுன்னு எழுதுங்க."

"இல்ல, அது வந்து..."

"ஷூ யாரோடதோ. காலு என் புள்ளையோடது. எட்டுன்னு எழுதுங்க."

அவர் எட்டு என்று எழுதினார்.

படிவம் ஐந்தாம் நாள் திரும்பி வந்தது. இயக்குநரின் குறிப்பு மரியாதையாகவே இருந்தது. தாங்கள் தந்த விவரம் எமது பதிவோடு பொருந்தவில்லை. எமது பதிவு சரிபார்க்கப்பட்டது; அதைச் சரிபார்த்தவர்களுள் தாங்களும் ஒருவர். எட்டு அளவுக் காலுடைய எவரும் ஏழாம் அணியில் எக்காலத்திலும் இருந்ததில்லை.

மேலே, பையனின் பெயர் இருந்த வரியின்மீது, புதிய முத்திரையில் எல்லா எழுத்தும் தெளிவாக விழுந்திருந்தது: நிகழவில்லை.